பெட்டியைக் கண்டாலே பின்வாங்கும் குதிரையை ஏற்றுவது எப்படி

குதிரை வாங்கப் போகிறவர்கள் வயசு என்ன, கால் சரியாக இருக்கிறதா, கடிக்குமா உதைக்குமா, விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். பெட்டியில் ஏறுமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. கருப்பனை வாங்கிய அன்று சாயங்காலம் மூன்று பேர், இரண்டு கயிறு, ஒரு துடைப்பம் என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போராடி அவனைப் பெட்டிக்குள் தள்ளினோம். எப்படியோ வீடு கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. அடுத்த மாதம் பல் பார்க்க டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்று பெட்டியை வெளியே இழுத்து நிறுத்தினால், இருபது அடி தூரத்திலேயே நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டான். பெட்டி என்றால் கயிறும் துடைப்பமும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டிருக்கிறான், கற்றுக்கொடுத்தது நான்தான்.

அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் என்ன செய்தேன், எங்கே தப்புப் பண்ணினேன் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். முதன்முதலாகக் குதிரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுவதால் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் சொற்கள். குதிரையை ஏற்றிப் போகிற டிரெய்லருக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் ஹார்ஸ்பாக்ஸ் என்று பெயர், நான் பெட்டி என்றே எழுதுகிறேன். அதை இழுக்கிற வண்டி பக்கி. (சென்னையிலிருந்து வந்த மச்சான் ஒருவர், "வண்டியைப் போய் ஏன் திட்டுகிறீர்கள்" என்று கேட்டார். பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பேர், ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலிருந்து வந்தது.) பின்னால் இறக்கிவிட்டால் குதிரை மிதித்து ஏறுகிற கதவு, சாய்பலகை. இரண்டு குதிரை நிற்கும் இடத்துக்கு நடுவே நடுத்தடுப்பு, மார்புக்கு முன்னால் முன்கம்பி, பிட்டத்துக்குப் பின்னால் பின்கம்பி. இவ்வளவு போதும்.

குதிரைக்கு முன் பெட்டியைப் பாருங்கள்

ரப்பர் விரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பலகையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பாருங்கள். மூத்திரம் இறங்கி இறங்கி மரம் உளுத்துப்போயிருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பந்தயத்துக்கென்றே வளர்க்கிற தரோபிரெட் இனக் குதிரை ஒன்று 450இலிருந்து 550 கிலோ வரை இருக்கும், அந்த எடை நான்கு குளம்பில் இறங்குகிறது. ஓடுகிற வண்டியில் பலகை உடைந்து கால் ரோட்டில் பட்டால் என்ன ஆகும் என்பதை எழுதவே மனசில்லை. நேட்டால் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று வேறு, அதனால் கீல், சங்கிலி, கொக்கி எல்லாவற்றிலும் துருவைத் தேடுங்கள். டயர் ஓடாமல் மாதக்கணக்கில் வெயிலில் நின்றிருந்தால் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டன் தேயவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. பயிற்சிக்குத்தானே, எங்கேயும் போகப்போவதில்லையே என்று பெட்டியைப் பக்கியில் மாட்டாமல் தனியாக நிறுத்திவைத்து ஏற்றாதீர்கள். குதிரை பின்பக்கம் கால் வைத்தவுடன் முன்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும், கண் முன்னால் தரை ஆடினால் எந்தக் குதிரையும் அடுத்த ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் வராது. மாட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் எதுவும்.

நிறுத்துகிற இடம் புல்தரையாகவோ மண்ணாகவோ இருக்கட்டும், தார் வழுக்கும். பின்பக்கம் சூரியனைப் பார்த்தபடி நிறுத்தினால் வெளிச்சம் உள்ளே விழும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் குதிரையின் கண் வெயிலிலிருந்து இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். ஜனவரி மாத மத்தியான வெயிலில் நின்றுகொண்டு உள்ளே பார்த்தால் அதற்குத் தெரிவது ஒரு கறுப்பு ஓட்டை, அவ்வளவுதான். முன்பக்கம் ஆள் நுழைகிற சின்னக் கதவு இருந்தால் அதையும் திறந்து வையுங்கள். நடுத்தடுப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கமாக நன்றாகத் தள்ளி வைத்து வாசலை அகலமாக்குங்கள்.

அது ஏன் பயப்படுகிறது

குதிரையின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும் தவிர. ஏதாவது வந்தால் ஓடிவிடலாம் என்கிற நம்பிக்கையில்தான் அந்த இனம் இத்தனை காலம் பிழைத்து வந்திருக்கிறது. பெட்டி அந்த இரண்டையும் பறிக்கிறது. பார்வை நான்கு சுவருக்குள் அடைபடுகிறது, ஓட வழியில்லை. போதாததற்குக் காலடியில் பலகை பறை மாதிரி ஒலிக்கிறது. குகைக்குள் நுழையச் சொன்னால் நாமும் ஒரு நிமிஷம் யோசிப்போம் இல்லையா.

பிடிவாதம், திமிர் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் வலியாக இருக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். முழங்காலிலோ முதுகிலோ வலி இருக்கும் குதிரைக்குச் சாய்பலகையில் ஏறுவதும், ஓடுகிற வண்டியில் சமாளித்து நிற்பதும் உண்மையாகவே கஷ்டம். போன வருஷம் வரை ஏறிய குதிரை திடீரென்று மறுத்தால் முதலில் கால்நடை டாக்டர், பயிற்சி அப்புறம்.

பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற குதிரை என்றால் ஒரு குழப்பம் உண்டு. பந்தயக் குதிரைகளைப் பழக்குகிற சம்மர்வெல்ட் பக்கத்திலிருந்து வரும் குதிரைதானே, கிரேவில், ஸ்காட்ஸ்வில் பந்தய மைதானங்களுக்கு எத்தனை தடவை போய் வந்திருக்கும், இதற்கு என்ன பயம் என்று நான் நினைத்தேன். அவை போனது பெரிய லாரியில், பக்கத்தில் இன்னும் நான்கைந்து குதிரைகளோடு. தனியாக, தாழ்ந்த கூரையுள்ள இரண்டு குதிரைப் பெட்டி அவற்றுக்குப் புதிது. அதோடு, லாரி ஏறினால் பந்தயம் என்று மனசில் பதிந்திருக்கும், ஏறுவதற்கு முன்பே வேர்த்துக்கொட்டும்.

தேவையானவை

கழுத்தில் உரசாத நல்ல ஹால்டர் (தலையில் மாட்டுகிற வார்), மூன்று மீட்டருக்குக் குறையாத பருத்திக் கயிறு, கையுறை, தலைக்கவசம், கணுக்கால் மூடுகிற கனத்த ஷூ. செருப்போடு வராதீர்கள், ஒரு மாமா அப்படி வந்து நகம் போனது. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். குதிரை பாய்ந்தால் சுற்றிய கயிறு இறுகிக்கொண்டு விரலைக் கொண்டுபோய்விடும்.

தீனிக்கு ஒரு வாளியும் கேரட்டும் போதும். நான் கரும்பை விரல் நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொள்வேன். சுற்றிலும் கரும்புத் தோட்டம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு கேரட்டுக்குக் காசு கொடுப்பானேன். ஆனால் குளம்பு வீக்கம் வந்த குதிரைக்கும் மிகவும் பருத்த குதிரைக்கும் கரும்பு வேண்டாம், சர்க்கரை ஆகாது.

ஆள்? நீங்களும் பொறுமையான இன்னொருவரும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை டீ கொடுத்துத் திண்ணையில் உட்கார வையுங்கள்.

முதல் படி: பெட்டியை மறந்துவிடுங்கள்

முதல் வாரம் பெட்டி பக்கமே போக வேண்டாம். மைதானத்தில் நான்கு சொல்லைக் கற்றுக்கொடுங்கள்: வா, நில், பின்னால், தலையைத் தாழ்த்து. எந்த மொழியில் சொன்னாலும் சரி. கருப்பனுக்கு முன்பு வேலை பார்த்தவர் ஜூலு பேசுகிறவர், அதனால் அவன் 'வோஸா' என்றால் வருவான், 'காஹ்லே' என்று மெதுவாகச் சொன்னால் அடங்குவான். நான் தமிழில் சொன்னதை அவன் மதிக்கவே இல்லை, கடைசியில் நான்தான் ஜூலு கற்றுக்கொண்டேன்.

இதில் முக்கியமான சூட்சுமம் கயிற்றை எப்போது தளர்த்துகிறீர்கள் என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் இழுப்பதில் கவனம் வைப்பார்கள். குதிரை கற்றுக்கொள்வது இழுக்கும்போது நடப்பதில்லை, விடும்போது நடக்கிறது. கயிற்றில் ஒரு சின்ன இழுப்பு, வலுவாக வேண்டாம், அப்படியே வைத்திருங்கள். அது காலை எடுத்து வைக்க வேண்டும் என்றுகூட இல்லை, உடம்பின் எடையை முன்னால் சாய்த்தாலே போதும், அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். நல்லது என்று சொல்லுங்கள், கழுத்தடியில் தேய்த்துவிடுங்கள். இரண்டு விநாடி தாமதமாகத் தளர்த்தினால் எதற்காகத் தளர்த்தினீர்கள் என்று அதற்குப் புரியாது. பின்னால் போனபோது தளர்த்திவிட்டீர்களோ, பின்னால் போவதைக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். என் முதல் இரண்டு வாரம் இப்படித்தான் வீணாகப் போனது.

இழுத்தால் அது எதிர்த்து இழுக்கும், அது உடம்பிலேயே ஊறிய குணம். அரை டன் எடையோடு கயிறு இழுக்கும் போட்டி நடத்தி ஜெயிக்க முடியாது. கோயில் திருவிழாவில் நாலு பேர் தோளில் தூக்கிப் போகிற குதிரை வாகனமில்லை இது.

இந்த நான்கில் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போவது 'பின்னால்'. அதில்தான் நீங்கள் அதிக நாள் செலவிட வேண்டும். ஒரு அடி பின்னால், நில். இரண்டு அடி பின்னால், நில். நேராக, மெதுவாக, நீங்கள் சொன்ன இடத்தில் நிற்கும் வரை. பெட்டிக்குள் ஏறிய குதிரை பயந்துபோய்ச் சடாரென்று பின்னால் பாய்வதால்தான் தலை கூரையில் மோதுகிறது, சாய்பலகை ஓரத்தில் கால் சறுக்குகிறது, நிற்கிற ஆள் நசுங்குகிறார். ஒவ்வொரு அடியாக இறங்கத் தெரிந்த குதிரைக்கு ஏறுவதில் பாதிப் பயம் போய்விடும், ஏனென்றால் வெளியே வர வழி இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

இரண்டாம் படி: மிதிக்கப் பழகுதல்

ஒரு கனமான பிளைவுட் பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் நடக்க விடுங்கள். முதலில் மோந்து பார்க்கும், காலால் தட்டும், சத்தம் கேட்டுத் துள்ளும். துள்ளட்டும். நீங்கள் அசையாமல் நின்றால் மறுபடி வந்து தட்டும். ஒரு கால், இரண்டு கால், கடந்து போவது, அப்புறம் நடுவில் நிற்பது, அப்புறம் பாதியில் நின்று பின்னால் இறங்குவது. இந்தக் கடைசியைச் செய்துவிட்டால் சாய்பலகையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதோடு, இரண்டு பேர் நீளமான கம்பை உயரமாகப் பிடித்து அதன் அடியில் நடத்திப் போகலாம், சுவருக்கும் அடுக்கிய வைக்கோல் கட்டுக்கும் நடுவே ஒரு சந்து மாதிரி விட்டு அதற்குள் நிற்க வைக்கலாம். தாழ்ந்த கூரையும் ஒடுங்கிய இடமும் பெட்டி வருவதற்கு முன்பே பழகிவிடும்.

மூன்றாம் படி: பெட்டிக்கு அருகில்

பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் எந்த நாளும் வேண்டாம். முதல் நாள் எவ்வளவு தூரத்தில் அது தலையைத் தூக்கி மூச்சை அடக்குகிறதோ, அந்த இடத்திலிருந்து இரண்டு அடி பின்னால் வந்து நில்லுங்கள். அதுதான் ஆரம்பக் கோடு. கருப்பனுக்கு அந்த இருபது அடி.

எதைப் பார்க்க வேண்டும்? காது பெட்டியை நோக்கி விறைத்திருக்கிறதா, கண்ணில் வெள்ளை தெரிகிறதா, மூக்குத் துளை விரிந்து உதடு இறுகியிருக்கிறதா, கழுத்துத் தசை கல்லாக இருக்கிறதா, அடிக்கடி சாணி போடுகிறதா. இவையெல்லாம் வேண்டாம் என்று சொல்வது. தலை தாழ்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, காது பக்கவாட்டில் தொங்கினால் ஓரடி முன்னால் போகலாம். முன்னால் போனதும் நின்று, அது கேட்பதற்கு முன் நீங்களே பின்னால் அழைத்து வந்துவிடுங்கள். போவதும் வருவதுமாகப் பத்துத் தடவை. பின்னால் வரும் முடிவை அது எடுக்கக் கூடாது, நீங்கள் எடுக்க வேண்டும். அதற்காகவே அது கேட்பதற்கு முன்பு என்று சொன்னேன்.

சாய்பலகை வந்துவிட்டதா, ஒரு முன்னங்கால். வைத்தது, நல்லது, இறக்கு. அன்றைக்கு அவ்வளவுதான், லாயத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள். நன்றாகத்தானே போகிறது, இன்னும் ஒரு கால் பார்ப்போமே என்கிற ஆசை வரும், எனக்கும் வந்தது, அந்த ஆசையால் மூன்று நாள் பின்னால் போனேன்.

நீங்கள் நிற்கிற இடம் முக்கியம். அதன் இடது தோள்பட்டைக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால், ஆனால் நேர் எதிரே வேண்டாம். எதிரே நின்று கண்ணைப் பார்த்துக்கொண்டு இழுத்தால் உங்களைத் தாண்டி எங்கே வரும்? நீங்கள் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கூட வந்தவர் பக்கவாட்டில், உதை எட்டாத தூரத்தில் நிற்கட்டும். நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகளும் நாய்களும் வளவுக்குள்ளேயே வேண்டாம்.

குதிரை இரண்டு பக்கமும் வளைந்து நழுவப் பார்த்தால் கோபப்படாமல் மறுபடி நேராக்கி நிறுத்துங்கள். சாய்பலகையின் ஓரத்திலிருந்து கால் தவறுவதுதான் ஆபத்து, அதனால் ஒரு பக்கம் வேலி அல்லது சுவர் இருக்கிற மாதிரி பெட்டியை நிறுத்துவது உதவும். இடுப்புக்குப் பின்னால் நீளக் கயிறு போட்டு இரண்டு பேர் இழுப்பது இங்கே பல லாயங்களில் வழக்கம், சில குதிரைகள் அதற்கு ஏறவும் செய்யும். பயந்த குதிரையில் அதைச் செய்தால் முன்னங்கால் தூக்கி நின்று பின்னால் விழும் வாய்ப்பு உண்டு. புதியவர்கள் தொட வேண்டாம்.

தீனி விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. வாளியை ஆட்டிக்காட்டி ஆசை காட்டி ஏற்றுவது ஒன்று. அது ஏமாற்றுவது, நான் செய்வதில்லை. பயந்த குதிரை கழுத்தை மட்டும் ஒட்டகம் மாதிரி நீட்டித் தின்றுவிட்டு, சட்டென்று எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து பாய்ந்து ஓடும். சரியான செயலைச் செய்த பிறகு கொடுப்பது வேறு, அது கூலி. ஒரு பொருளை மூக்கால் தொட்டால் தீனி என்று பழக்கி, அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டிக்குள் நகர்த்துகிற முறையும் இருக்கிறது. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஏற மறுத்த ஐந்து பெண் குதிரைகளை இப்படித்தான் ஏற வைத்தார்கள். கையைக் கடிக்கிற பழக்கமில்லாத குதிரையாக இருந்தால் தாராளமாகச் செய்து பாருங்கள்.

நான்காம் படி: உள்ளே

முன்னங்கால் இரண்டும், அப்புறம் நான்கில் மூன்று, அப்புறம் முழு உடம்பு. முழுதாக ஏறிய முதல் நாள் கதவைச் சாத்தவே கூடாது. ஒரு வாய் தீனி, உடனே ஒவ்வொரு அடியாகப் பின்னால். அதைத் தினமும் நான்கைந்து தடவை செய்யுங்கள், உள்ளே நிற்கும் நேரத்தை மட்டும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். நான் கருப்பனுக்கு ஒரு வாரம் காலைத் தீனி முழுதும் பெட்டிக்குள்தான் வைத்தேன். பெட்டியின் சுவரைத் தட்டுவது, கம்பியை ஆட்டிச் சத்தம் எழுப்புவது, நடுத்தடுப்பைக் கொஞ்சம் நகர்த்துவது எல்லாம் இந்தக் கட்டத்தில், அது தின்றுகொண்டிருக்கும்போது.

உள்ளே அழைத்துப் போகும்போது நீங்கள் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கச் சின்னக் கதவு திறந்தே இருக்கட்டும், அதன் கொக்கி உங்கள் சட்டையில் சிக்காத பக்கத்தில் நில்லுங்கள். அந்தக் கதவு வழியாக நீங்கள் வெளியேறுவதைப் பார்த்துவிட்டுக் குதிரையும் வரப் பார்க்கும். சிரிப்புக்குச் சொல்லவில்லை, தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். வெளியே போனதும் மேல்பாதியைச் சாத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: பின்னால் மூடுவது

இதில் வரிசை மாறினால் விபத்து, அதனால் இதை மட்டும் எண்ணிச் சொல்கிறேன். ஏற்றும்போது முதலில் பின்கம்பி, இரண்டாவது கயிற்றைக் கட்டுவது, மூன்றாவது சாய்பலகையைத் தூக்குவது. இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்ப்பது, அப்புறம் சாய்பலகை, கடைசியாகப் பின்கம்பி. தலையைக் கட்டிய குதிரைக்குப் பின்னால் திறந்திருக்கக் கூடாது, இவ்வளவுதான் கணக்கு. தலை கட்டியிருக்கப் பின்னால் போகப் பார்த்துக் கயிறு இறுகினால் குதிரை பைத்தியம் பிடித்த மாதிரி துள்ளும், அப்புறம் அதைப் பெட்டி பக்கம் கொண்டுபோவது பெரும்பாடு.

கட்டும்போது வளையத்தில் நேராகக் கட்டாமல், வளையத்தில் ஒரு வைக்கோல் சரடைக் கட்டி அதில் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சுப் போடுங்கள். பெரிய ஆபத்து வந்தால் சரடு அறுந்துகொள்ளும். பின்கம்பியை மாட்டுபவர் எப்போதும் பக்கவாட்டில் நின்று கையை மட்டும் நீட்ட வேண்டும். சாய்பலகையைத் தூக்கும்போதும் அப்படியே, நடுவில் நின்று தூக்கினால் குதிரை தள்ளிவிட்டு வரும்போது அந்தக் கனம் உங்கள் மேல் விழும்.

பின்கம்பி பிட்டத்தில் படுவது புது அனுபவம். அதை முன்கூட்டியே லாயத்தில் பழக்குங்கள், கயிற்றையோ ஒரு நீளத் துணியையோ பின்தொடையில் உரசி, அது சாய்ந்து பார்க்க, நீங்கள் அசையாமல் இருக்க. கம்பியில் பட்டதும் முன்னால் ஓரடி வைக்கத் தெரிந்த குதிரை சண்டை போடாது.

ஆறாம் படி: நகர்வது

மூடியதும் போய்விடாதீர்கள். மூடி, ஒரு நிமிஷம், திறந்து இறக்கு. அடுத்த நாள் மூடி, பக்கியை ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் ஓடட்டும், அணைத்து இறக்கு. அடுத்து பத்து மீட்டர். அடுத்து தெருமுனை வரை போய்த் திரும்புவது. முதல் பயணத்தின் முடிவில் அது வீட்டிலேயே இறங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், பெட்டி ஏறினால் ஊசி போடும் இடம் என்று அதற்குத் தோன்றக் கூடாது.

பல குதிரைகள் ஏற மறுப்பதற்குக் காரணம் டிரைவர். உள்ளே நிற்கிற குதிரை கைப்பிடி இல்லாத பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற ஆள் மாதிரி, அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு. ரோட்டில் பெட்டிக்குள் ஆளை ஏற்றுவது சட்டப்படி தவறு, ஆனால் வளவுக்குள் ஒரு தடவை ஐம்பது மீட்டர் நீங்களே உள்ளே நின்று பார்த்தால் அடுத்த வாரமே பிரேக்கில் கால் மெதுவாக அழுந்தும். தண்ணீர் நிறைந்த ஒரு கோப்பையை டாஷ்போர்டில் வைத்து, சிந்தாமல் ஓட்டிப் பழகலாம்.

ஒரே குதிரை என்றால் அதை வலதுபக்கம், டிரைவர் பக்கம் நிறுத்துங்கள். நாம் இடதுபுறமாக ஓட்டுகிறோம், ரோடு இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், கனம் உயரமான பக்கம் இருந்தால் பெட்டி நிதானமாகப் போகும்.

சறுக்கும்போது

நான்கு காலும் ஊன்றி நின்றால் இழுக்க வேண்டாம், ஓரடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரச் சொல்லுங்கள், ஊன்றிய கால் பெயரும், அப்புறம் நேராக்கலாம். பின்னால் பாய்ந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே போங்கள், எதிர்த்து இழுக்காதீர்கள், நின்றதும் அமைதியாக மறுபடி. முன்னங்காலைத் தூக்கி நின்றால் கயிற்றைத் தளர்த்தி விலகுங்கள். ஒரு தடவைக்கு மேல் அப்படிச் செய்தால் அன்றைய பாடத்தை இரண்டு படி கீழே கொண்டுபோய் அங்கே நல்லபடியாக முடியுங்கள், மறுநாள் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அடிப்பது, மூக்கில் முறுக்குவது எல்லாம் வேண்டாம். அவசரத்துக்கு ஏற்றியே ஆக வேண்டும், வயிற்றுவலியில் துடிக்கிறது என்றால் அது பயிற்சி நாள் இல்லை, டாக்டரைக் கூப்பிட்டு அவர் மயக்க மருந்து கொடுத்து ஏற்றுவதா, வந்தே பார்ப்பதா என்று அவரே முடிவு செய்யட்டும். வீட்டில் இருக்கும் மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள், மயங்கிய குதிரைக்குக் கால் நிலை இருக்காது.

நெடும்பயணம் என்றால்

காலைக் குளிர்ச்சியில் கிளம்புங்கள். பிப்ரவரியில் டர்பன் வெக்கையில் நின்றுபோன பெட்டி ஒரு அடுப்பு, என்3 நெடுஞ்சாலையில் விபத்து என்று வண்டிகள் நின்றால் உங்களுக்கு ஏசி, அதற்கு ஒன்றுமில்லை. அதனால் எல்லாக் காற்றுத் துளைகளும் திறந்திருக்கட்டும். தண்ணீர் கூடவே எடுத்துப் போங்கள், ஊர்த் தண்ணீரின் வாசனை மாறினால் சில குதிரைகள் குடிக்காது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் காட்டி, தலையைத் தாழ்த்த விடுங்கள். தலையை உயரமாகக் கட்டி வெகுநேரம் போனால் நுரையீரலிலிருந்து சளியும் தூசியும் வெளியேற வழியில்லாமல் நோய் வரும். புல் வலையை அது கால் மாட்டிக்கொள்ளாத உயரத்தில் கட்டுங்கள், தெஃப் புல்லை (இங்கே குதிரைக்குப் போடுகிற காய்ந்த புல்) நனைத்துக் கட்டினால் தூசி குறையும். காலுறை கட்டுவதாக இருந்தால் அதையும் ஒரு வாரம் முன்பே லாயத்தில் கட்டிப் பழக்குங்கள், பயண நாளில் முதன்முதலாகக் கட்டினால் கொக்கு மாதிரி நடக்கும்.

குதிரையின் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கான தடுப்பூசி விவரம் அதில்தான் இருக்கும். அது சின்னக் கொசு மாதிரி இருக்கிற பூச்சி பரப்புகிற நோய், பல குதிரைகளைக் கொன்றுபோடும். கேப் டவுன் பக்கம் கொண்டுபோக நினைப்பவர்கள் மேற்குக் கேப்பின் கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதுபோல உங்கள் உரிமம்: சாதாரண பி கோட் உரிமத்தில் மொத்த எடை 750 கிலோ வரையுள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம், அதற்குமேல் ஈபி கோட். இரண்டு குதிரைப் பெட்டி காலியாக இருந்தாலே அந்தக் கணக்கைத் தொட்டுவிடும்.

போய்ச் சேர்ந்ததும் இறக்குகிற வரிசையை மறக்காதீர்கள், களைப்பில் எல்லாரும் பின்கம்பியைத்தான் முதலில் திறக்கப் போவார்கள். வீடு திரும்பிய பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை எங்கேயும் போகாமல் ஏற்றி, தீனி கொடுத்து, இறக்கிவிடுங்கள். ஒரே ஒரு ஜாக்கிரதை: வேலை முடிந்ததும் சாய்பலகையைத் தூக்கி மூடிவிடுங்கள். கருப்பனை மேய விட்டுவிட்டு நான் கதவைத் திறந்தே வைத்திருந்த ஒரு சாயங்காலம், அவன் தானாகவே ஏறி உள்ளே நின்றுகொண்டு, காலி வாளியைக் காலால் தட்டிக்கொண்டிருந்தான்.